பேச்சில்லாத ஏற்றம்

ஆறு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கிறது, கீழே பேக்கரியில் முதல் தட்டு பன் வெந்து அதன் வாசம் மாடிப்படி ஏறி வந்துவிட்டது, எடை குறைக்க என்னிடம் பணம் கட்டுகிறவர்கள் தினமும் இந்த வாசத்தைத் தாண்டித்தான் மேலே வரவேண்டியிருக்கிறது, ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த ஹாலை வாடகைக்குப் பிடித்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை, என் புத்தி அவ்வளவுதான். பதினான்கு சைக்கிளும் நிரம்பிவிட்டன, பதினைந்தாவது என்னுடையது, அவர்களைப் பார்த்தபடி மேடைமேல் நிற்பது. முன்வரிசையில் மூன்றாவதில் சௌந்தரவல்லி டீச்சர் உட்கார்ந்து, ஸ்கூட்டர் சாவியைத் தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்தில் போட்டு, துண்டை நான்காக மடித்துக் கைப்பிடிமேல் போடுகிறார். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன், சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். காதோரம் மைக்கை மாட்டி, இடுப்புப் பெட்டியில் பட்டனை அழுத்தி, வணக்கமுங்க, திங்கக்கிழமை, சோம்பேறித்தனத்தை வெளிய செருப்புகூட விட்டுட்டு வந்திருப்பீங்கன்னு நம்பறேன், மெதுவா ஆரம்பிக்கலாம் என்கிறேன். இது என் வாய் தானாகச் சொல்வது. எனக்குள்ளே ஓடுவது வேறு. மத்தியானம் பன்னிரண்டுக்கு லாரி வரும். மூன்றே முக்கால் லட்சம் கட்டியிருந்தால் லாரிக்காரன் திரும்பிப் போவான், கட்டாவிட்டால் இந்தப் பதினைந்தையும் ஏற்றிக்கொண்டு போவான், நாளைக் காலை ஆறு மணிக்கு இங்கே கண்ணாடியும் நானும்தான் இருப்போம்.

சைக்கிள் ஒன்றும் எனக்குச் சொந்தமில்லை. மெட்ராஸில் ஒரு கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்தது, மாதாமாதம் வாடகை, ஐந்து வருஷம் முடிந்ததும் ஒன்றுக்கு இருபத்தைந்தாயிரம் வைத்து எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஐந்து வருஷம் இன்றைக்கு முடிகிறது. நாள் தெரியாமல் இல்லை, காலண்டரில் நானே சிவப்பில் சுழித்து வைத்ததுதான். மூன்று மாதமாக வங்கிக் கடனை நம்பினேன். பாரக் குமிழை அரைச் சுத்து ஏத்துங்க, முதுகு வளையாம, தோளை இறக்குங்க என்கிறேன் மைக்கில். மேனேஜர் நல்ல மனுஷன், நாற்காலி போடச் சொல்லி, இந்த சைக்கிள்ல எங்கம்மா போவாங்க என்று கேட்டார். எங்கயும் போக மாட்டாங்க சார், இருந்த எடத்துலயே மிதிப்பாங்க. அப்ப ரோட்டுல ஓட்ட ஆகாதா? ஆகாதுங்க சார். அவர் பேனாவை மூடினார். வண்டின்னா ஆர்சி புக் இருக்கும், கட்டலைன்னா புடிச்சுட்டு வந்து நிறுத்துவோம், இதைப் புடிச்சு நாங்க என்னம்மா பண்றது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும் விட்டேன், அதுகூடக் காரணமாக இருக்கலாம். வீட்டுப் பத்திரம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். வீடு மாமியார் பேரில். அவரிடம் போய் நின்றேன். சோறு வேணும்னா கேளு சாமி, பத்திரத்தைக் கேக்காதே என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு தட்டில் இட்லி வைத்துக் கொடுத்தார். அதையும் உட்கார்ந்து தின்றேன். போன வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்து கடிதம் வந்தது, இரண்டே வரி.

நகை என்று ஒன்று இருந்தது. அது இந்தக் கண்ணாடியாகவும் தரையில் ஒட்டிய ரப்பர் விரிப்பாகவும் ஹால் அட்வான்ஸாகவும் மாறி ஐந்து வருஷம் ஆகிறது, வட்டி கட்டிக் கட்டி அடகுக்கடைக்காரர் என்னை வாம்மா என்று கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டார். கழுத்தில் கிடப்பது தாலிக்கொடி மட்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் பிடித்துப் பார்த்தேன், தண்டபாணி பார்த்துவிட்டார். என் வீட்டுக்காரர் மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசர், கோபமே வராது, அன்றைக்கும் வரவில்லை. அஞ்சு வருசம் பாத்தாச்சில்ல ரேணுகா, எடுத்துட்டுப் போனாப் போகட்டும் விடு, நீ எங்கயாச்சும் ஜிம்முல வேலைக்குச் சேந்துக்கலாம் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. இப்போ எந்திரிச்சு நின்னு மிதிங்க, கையில பாரம் போடாதீங்க, எட்டு, ஏழு, ஆறு. இரண்டாம் வரிசைப் பெண் கையில் பாரம் போடுகிறாள், எத்தனை முறை சொல்வது, நாளைக்கு மணிக்கட்டு வலிக்கிறது என்று என்னிடம்தான் வருவாள். நாளைக்கு என்று எனக்கு ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது.

ஒரு வருஷப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்று அறிவிக்கலாமா என்று பார்த்தேன். சனிக்கிழமை இருவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் யோசிச்சுச் சொல்றேன் என்றார். இன்னொருவர் என் முகத்தை நேராகப் பார்த்து, ஒரு வருசம் இருப்பீங்கல்ல என்றார். சாதாரணமாகக் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது, குளிக்கும்போது நிற்கிறது, பல் தேய்க்கும்போது நிற்கிறது. வேறு ஒரு மெட்ராஸ் கம்பெனிக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், நாலைந்து ஊரில் இதே போல ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், வெள்ளை ஷூ போட்ட ஒரு பையன், மேம் நீங்க அப்படியே இருங்க, நூத்துக்கு அறுபது பங்கு எங்களது, பேரு எங்களது, உங்களுக்கு மாசச் சம்பளம் என்றான். வகுப்பில் உட்கார்ந்தும் பார்த்தான். எல்லாம் சூப்பர் மேம், அந்த மூணு நிமிசம் மட்டும் வேண்டாம், பாட்டு இல்லாம கஸ்டமர் போரடிச்சுப் போயிருவாங்க என்றான். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அறுபது பங்கு கூடப் பரவாயில்லை, அந்த மூன்று நிமிஷத்தை விட்டுக் கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தண்டபாணியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கோபம் வராத மனுஷனுக்கும் வரும்.

அந்த மூன்று நிமிஷம் என்னுடையது. வேறு எவரிடமிருந்தும் கற்றதில்லை. திறந்த புதிதில் ஒருநாள் பாதி வகுப்பில் கரண்ட் போய்விட்டது, பாட்டு நின்றது, விளக்கு போனது, என் மைக்கும் போனது. நிறுத்துங்கள் என்று நான் சொல்வதற்குள் யாரும் நிறுத்தவில்லை என்பது தெரிந்தது. இருட்டில் சக்கரங்களின் சத்தம் மட்டும், பதினான்கு பேரின் மூச்சு மட்டும், நெல் மிஷின் தூரத்தில் ஓடுவது போல ஒரு சீரான இரைச்சல். கரண்ட் வந்தபோது டீச்சர் அழுதுகொண்டிருந்தார். மிதித்துக்கொண்டே அழுதார், நிறுத்தவில்லை. அப்போது அவர் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, முதன்முதலில் பெயர் எழுதியவரே அவர்தான், மூட்டு வலி, தனியாள், தம்பி வீட்டு மாடி அறையில் இருக்கிறார், பிரைவேட் ஸ்கூலில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். வகுப்பு முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நம்மகிட்ட ஒருத்தரும் பேசாம ஒரு மூணு நிமிசம் கெடைக்கறது எவ்வளவு கஷ்டம் கண்ணு என்றார். மறுநாளிலிருந்து தினமும் வைத்தேன். பாட்டை நிறுத்திவிடுவேன், விளக்கை அணைப்பேன், மைக்கை அணைப்பேன், பேச்சில்லாத ஏற்றம் என்று பேர் வைத்தேன், மூன்று நிமிஷம் யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. நான் மட்டும் சொல்லிக்கொள்வேன், மைக் அணைந்திருப்பதால் வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வேன், பால்காரனுக்குக் கொடுக்க வேண்டியது, மகள் வர்ஷினிக்கு வாங்க வேண்டிய நோட்டு, மாமியாரைப் பற்றி இரண்டு வார்த்தை. அது எனக்கு ஒரு மூச்சு.

இப்போது இருபது நிமிஷம் ஆகியிருக்கிறது. வகுப்பு ஆறே முக்காலுக்கு முடியும். ஏழேகாலுக்கு கோவில்மேட்டில் நாகமணி அக்கா வீட்டில் சீட்டு. ஐந்து லட்சம் சீட்டு, இருபத்தைந்து பேர், அக்கா முதல் சீட்டை மட்டும் தானே எடுத்துக்கொண்டு மற்றதை ஏலத்தில் விடுவார், யார் அதிகம் தள்ளிக் கேட்கிறார்களோ அவர்களுக்கு. தள்ளியது போக மீதி கையில். ஏலம் முடிந்த கையோடு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார், அதுதான் அக்காவின் பெருமை. மாதாமாதம் டீச்சரும் நானும் சேர்ந்தே போவோம், அவர் ஸ்கூட்டரில், அவர் தோளில் கை வைத்து ஏறிப் பின்னால் உட்காருவேன், பதினாறு மாதமாக அப்படித்தான். நான் ஒன்றேகால் லட்சம் வரை தள்ளலாம். ஐந்தில் ஒன்றேகால் போனால் மூன்றே முக்கால், சைக்கிளுக்குச் சரியாக இருக்கும், ஒரு ரூபாய் மிஞ்சாது. வேறு யாரும் இந்த மாதம் கேட்கப்போவதில்லை, அக்காவிடம் விசாரித்துவிட்டேன். ஒரே ஒருவர்தான் கேட்கப்போகிறார். அவர் முன்வரிசையில் மூன்றாவதில் மிதித்துக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை சொன்னார். வகுப்பு முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, தம்பி மகனுக்குக் கல்யாணம், மாடி அறை வேணுமாம், மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும், இடையர்பாளையத்துல ரெண்டு ரூம் வீடு போக்கியத்துக்கு வருது, நாலு லட்சம் குடுத்துட்டா மூணு வருசத்துக்கு வாடகை இல்ல, திங்கக்கிழமை சாயங்காலம் பணத்தோட வரச் சொல்லியிருக்காங்க, இல்லைன்னா வேற ஆளு ரெடியா நிக்குது என்றார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, உங்கிட்டச் சொல்றதுக்கென்ன, ஒண்ணு வரைக்கும்தான் தள்ளுவேன், அதுக்கு மேல போனா நாலு கையில நிக்காது என்றார். சீட்டில் இருக்கிறவர்கள் பெற்ற தாயிடம்கூட இதைச் சொல்ல மாட்டார்கள். அன்று எனக்கு எந்த எண்ணமும் இல்லை, சாமி சத்தியமாக இல்லை, வங்கி கொடுத்துவிடும் என்று இருந்தேன், கெடைச்சுரும் டீச்சர், கவலைப்படாதீங்க என்றேன். கடிதம் வந்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வகுப்புக்கு வந்தார், எதிரில் நின்றார், மழை வருமா என்று கேட்டார். வரும்போல இருக்குதுங்க என்றேன். சொல்லியிருக்கலாம். நானும் கேக்கறேன் டீச்சர் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார், விட்டுக் கொடுத்திருப்பாரோ என்று ஒரு பயம், விட்டுக் கொடுக்காமல் இருந்திருப்பாரோ என்று இன்னொரு பயம், இரண்டில் எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை. மழை வரவில்லை.

ரெண்டு சுத்து ஏத்துங்க, இனி ஏத்தம், பேச்சு கெடையாது என்கிறேன். பாட்டை நிறுத்துகிறேன். நீல விளக்கையும் அணைக்கிறேன். ஜன்னல் திரைக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம், அவ்வளவுதான். சக்கரங்கள். யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். தொடையில் சூடு ஏறுகிறது, நல்ல சூடு, இந்தச் சூட்டுக்காகத்தான் இதைத் தொடங்கினேன், பிரசவத்துக்குப் பிறகு எழுந்து நடக்கவே அலுத்துப்போயிருந்த என்னை மனுஷியாக்கியது இந்தச் சூடுதான். இதை எடுத்துக்கொண்டு போக விடுவேனா. வீடு என்றால் வேறு வீடு கிடைக்கும். போக்கிய வீடு ஊரில் நூறு இருக்கும். சைக்கிள் போனால் போனதுதான். கிடைக்குமா, மாசக் கடைசிக்குள் தனிப் பொம்பளைக்கு, ஐம்பத்தேழு வயசில், கிடைக்கும், தேடினால் கிடைக்கும், நானே தேடித் தருவேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டியில் கூட்டிக்கொண்டு போய்த் தேடுவேன். அவர் வண்டியில். என்னிடம் வண்டி ஏது. ஒரு லட்சம், அவ்வளவுதான் அவருக்கு, ஐம்பதாயிரத்தில் தொடங்குவார், எழுபது, எண்பது, ஒன்றில் நிற்பார், நான் அவசரப்படக்கூடாது, கடைசித் தரம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும், காலையிலிருந்து குளியலறையில் பத்து முறை சொல்லிப் பார்த்தாயிற்று, டீச்சர் ஒரு லட்சத்துக்கு மேல தள்ள மாட்டாங்க, நான் அஞ்சாயிரம் சேத்துக் கேட்டாப் போதும்.

டீச்சர் ஒரு லட்சத்துக்கு மேல தள்ள மாட்டாங்க. நான் அஞ்சாயிரம் சேத்துக் கேட்டாப் போதும். யார் பேசுவது. பெண் குரல், கொஞ்சம் மூச்சு வாங்குகிற குரல், நாலு மூலையிலிருந்தும் வருகிறது, இது யார் குரல் என்று ஒரு கணம் நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. பிறகு கை இடுப்புக்குப் போகிறது. சின்னப் பச்சை விளக்கு எரிகிறது. விளக்கை அணைத்தேன், பாட்டை நிறுத்தினேன், இதை அணைக்கவில்லை. அழுத்தினேன். இப்போது அணைத்து என்ன. பின்வரிசையில் யாரோ க்ளுக்கென்று சிரிக்கிறார்கள், மேடம் போன் பேசறாங்க போல என்கிறது ஒரு குரல். அவர்களுக்கு அது வெறும் சத்தம். இந்த ஹாலில் அந்த வாக்கியம் புரியக்கூடியவர்கள் இரண்டே பேர். சக்கரங்கள் ஓடுகின்றன, நான் கேட்கிறேன், முன்வரிசையில் மூன்றாவது நிற்கிறதா என்று அது ஒன்றை மட்டும் கேட்கிறேன், பதினான்கு சத்தத்தில் ஒன்றைப் பிரித்து எடுக்க முடியாது, ஆனாலும் எடுக்கிறேன். நிற்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷமும் பத்து விநாடியும் பாக்கி இருக்கிறது. விளக்கைப் போடலாம். போட்டால் முகம் தெரியும். என் முகம் அவருக்கும் தெரியும். நான் போடவில்லை. அவரே நான்கு நாளுக்கு முன் காதோரம் சொன்னதை நானே ஸ்பீக்கரில் வைத்தேன் என்று ஒரு பக்கம் ஓடுகிறது, இல்லை, வெளியே சொன்னதற்காக அல்ல, மனசில் வைத்திருந்ததற்காகத்தான் உனக்கு வியர்க்கிறது என்று இன்னொரு பக்கம் ஓடுகிறது, மைக் அணைந்திருந்தால் உனக்கு ஒன்றும் வலித்திருக்காது, நல்லவளாகவே ஸ்கூட்டரில் ஏறியிருப்பாய்.

விளக்கு போட்டபோது டீச்சர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும்தான் துடைத்துக்கொண்டிருந்தார்கள். துண்டை மறுபடியும் நான்காக மடித்தார், கைப்பிடியில் போட்டார், கை நீட்டிக் குமிழை இன்னும் ஒரு சுற்று ஏற்றினார். நான் ஏற்றச் சொல்லவில்லை. மிச்சப் பதினைந்து நிமிஷமும் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, எண்ணினேன், எட்டு ஏழு ஆறு என்று எண்ணினேன், எண்களைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. கால்களை நீட்டித் தளர்த்தினோம். துணி எடுத்து ஒவ்வொருவரும் தங்கள் சைக்கிளைத் துடைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது இங்கே விதி, பலர் ஒப்புக்குத் துடைப்பார்கள், டீச்சர் சீட்டைத் துடைத்து, கைப்பிடியைத் துடைத்து, பெடலைக்கூடத் துடைத்தார். சாவியை எடுத்தார். வாசலில் நின்று, ரேணு, நேரமாச்சு, போலாமா என்றார். எப்போதும் சொல்வது போலவேதான் சொன்னார்.

தோளில் கை வைத்து ஏறினேன், பழக்கத்தில் கை தானாகப் போனது, அவரும் பழக்கத்தில் அந்தத் தோளைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். தடாகம் ரோட்டில் ஸ்கூல் பஸ்கள். டீச்சர், வெள்ளிக்கிழமைதானுங்க பேங்குல இல்லைன்னு லெட்டர் வந்துச்சு என்றேன். ஹெல்மெட்டுல ஒண்ணும் கேக்கல கண்ணு என்றார். கேட்டிருக்கும். நாகமணி அக்கா வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர், எவர்சில்வர் டம்ளரில் காப்பி, அக்கா பாய்மேல் நோட்டை விரித்து, இருபத்தஞ்சுல ஆரம்பிக்கலாமுங்களா என்றார். ஒரு லட்சம் என்றார் டீச்சர். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். என்னங்க டீச்சர், யாரும் கேக்கவே இல்ல, எடுத்ததும் ஒண்ணுங்கறீங்க? அவ்வளவுதான் என்னால ஆகும், அதை எதுக்குச் சுத்தி வளைச்சுக்கிட்டு என்றார் டீச்சர். என்னைப் பார்க்கவில்லை. தன் மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லட்சம் ஒரு தரம். வாயை மூடிக்கொண்டு இரு, மூன்று நிமிஷம் சும்மா இருக்க ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறாயே. ரெண்டு தரம். என் ஹால் கண்ணாடிக்கு எதிரே வெறும் தரை மனசில் தெரிந்தது, ரப்பர் விரிப்பில் பதினைந்து சைக்கிளின் கால் அழுந்திய தடம் மட்டும். ஒண்ணு அஞ்சு என்றேன். சத்தம் வரவில்லை. அக்கா காதில் கையை வைத்து, சத்தமாச் சொல்லு கண்ணு, கேக்கல என்றார்.

ஒரு லட்சத்து அஞ்சாயிரம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மூன்று தரம் ஆயிற்று. அக்கா பணத்தை எண்ணிக்கொண்டே, என்னத்துக்குக் கண்ணு எடுக்கறே என்று கேட்டார், எடுப்பவர்களிடம் வழக்கமாகக் கேட்பதுதான். சைக்கிளுக்குங்க, மத்தியானத்துக்குள்ள கட்டலைன்னா லாரி வந்துரும் என்றேன். ஓ என்றார் அக்கா. டீச்சர் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். பணப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றேன், போயிருப்பார், போகட்டும், ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம், வங்கி ஒன்பதரைக்குத்தான் திறக்கும், நிறைய நேரம் இருக்கிறது. வெளியே வந்தேன். வேப்ப மரத்தடியில் ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, டீச்சர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே, ஏறு கண்ணு, இவ்வளவு பணத்தை வெச்சுக்கிட்டு ஆட்டோவுல போகாதே என்றார். ஏறத்தான் வேண்டும், ஒரு காலைத் தூக்கியும் விட்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.